குறுகிய விடுமுறையில் ரயிலும் வரலாறும்: பினாங்கு–ஈப்போ பாதையா, காஞ்சனபுரியா, ஊட்டியா?

சிராங்கூன்_மலர் · வியாழன் இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னப் பயணம் போகலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து கிளம்பி, செவ்வாய் இரவு வீடு திரும்பிவிட வேண்டும். நான், கணவர், உயர்நிலை இரண்டில் படிக்கும் மகன், என் அம்மா. அம்மாவுக்கு மூட்டுவலி. மெதுவாக நடப்பார், படியேறச் சொன்னால் சிரமம்.

எங்கள் ஆசை இரண்டுதான். சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே போகிற மாதிரி நல்ல ரயில் பயணம் ஒன்று. வரலாறு உள்ள இடங்கள் இன்னொன்று. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தைப் பள்ளியில் படித்ததிலிருந்து மகன் கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். அம்மாவுக்குக் கோயிலும் பழைய கட்டடங்களும் பிடிக்கும்.

நான் போட்ட திட்டம்: சனி பினாங்கு. ஞாயிறு கெடாவில் பழங்காலக் கோயில் தடயங்கள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு பார்த்துவிட்டு தைப்பிங். திங்கள் ஈப்போ, இரவே கோலாலம்பூர். செவ்வாய் பத்துமலை, மலாக்கா, ஜோகூர் பாரு வழியாக வீடு. தாளில் எழுதினால் எல்லாம் அடங்குகிறது. அம்மா அதைப் படித்துவிட்டு, "இதில் நான் எங்கே உட்காருவேன்?" என்று கேட்டார்.

இதற்கு நடுவில் கணவர் ஊட்டி மலை ரயில் என்கிறார். தம்பி, தாய்லாந்தின் காஞ்சனபுரிதான் போகவேண்டும் என்கிறான். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன்வாசி · வியாழன் இரவு 9:58

முதலில் மலாக்காவை எடுத்துவிடுங்கள். ஊருக்குள் ரயில் கிடையாது. பக்கத்து நிலையம் தம்பின் அருகே பூலாவ் செபாங். அங்கிருந்து சாலையில்தான் போகவேண்டும். ஒரு காலத்தில் தம்பினிலிருந்து மலாக்காவுக்குக் கிளைப்பாதை இருந்தது. போர்க்காலத்தில் ஜப்பானியர் அதைப் பெயர்த்தெடுத்து, தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மலாக்காவுக்கு இங்கிருந்து பேருந்தில் எந்த வார இறுதியிலும் போய்வரலாம்.

பழைய_தண்டவாளம் · வியாழன் இரவு 10:35

மலர், உங்கள் அம்மா சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். பெரும்பாலான ரயில் பயணத் திட்டங்கள் கெட்டுப்போவது இங்கேதான். பார்க்கவேண்டிய இடங்களை முதலில் எழுதிவிட்டு, அவற்றுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் ரயிலைத் திணிக்கிறோம். அப்போது ரயில் வெறும் போக்குவரத்தாகிவிடுகிறது. நீங்கள் கேட்பதோ ரயில் பயணம். எனவே ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பாதையில், நிலையத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடங்களை மட்டும் வையுங்கள். மற்றது எவ்வளவு புகழ்பெற்ற இடமாக இருந்தாலும் அடுத்த முறைக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் பட்டியலிலேயே அந்தப் பாதை இருக்கிறது: பூஜாங்குக்குப் பக்கத்து நிலையமான சுங்கைப்பட்டாணியிலிருந்து ஈப்போ வரை. தீபகற்பத்தின் மேற்குக்கரையில் கண்ணுக்கு நிறைவான பகுதி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஜோகூரிலிருந்து கிமாஸ் வரை சன்னலில் பெரும்பாலும் செம்பனைதான். மணிக்கணக்காக ஒரே காட்சி. நாள் குறைவாக இருக்கும்போது அதற்கு ஒரு பகலைக் கொடுக்காதீர்கள். பினாங்குக்கும் ஈப்போவுக்கும் சாங்கியிலிருந்து நேரடி விமானம் உண்டு. பினாங்கில் இறங்கி, ரயிலில் தெற்கே வந்து, ஈப்போவில் விமானம் ஏறுங்கள். போன வழியே திரும்பும் வேலை மிச்சம்.

இப்போது பாதையைப் பற்றி. ஈடிஎஸ் என்ற விரைவு மின்ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடும். இருக்கை எண் உண்டு, குளிரூட்டி உண்டு. ஆனால் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கும் ஈப்போவுக்கும் இடையே கொமுட்டர் ரயிலும் ஓடுகிறது. கட்டணம் குறைவு, ஒவ்வொரு சிற்றூரிலும் நிற்கும். நிபோங் திபால், பாரிட் புந்தார், பாகான் செராய் வரை இரு பக்கமும் நெல்வயல். கிரியான் வட்டாரம் பேராக்கின் நெற்களஞ்சியம். வயலில் தண்ணீர் நிற்கும் காலமானால் கொக்கு கூட்டம் கூட்டமாக இறங்கியிருக்கும்.

பாகான் செராய் தாண்டியதும் ரயில் புக்கிட் மேரா ஏரிக்குள் நுழையும். ஏரியைச் சுற்றிக்கொண்டு போகாது, குறுக்கே பாலத்தில் போகும். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நீர்தான். அந்த ஏரி இயற்கையானதல்ல. கிரியான் வயல்களுக்குப் பாசனம் தருவதற்காகத் தேக்கப்பட்டு, 1906-ல் பணி முடிந்தது. சற்று முன்பு பார்த்த பச்சை வயலெல்லாம் இந்தத் தண்ணீரில் விளைந்தது என்று மகனிடம் சொல்லுங்கள், காட்சி இன்னும் நன்றாகப் புரியும்.

தைப்பிங்கை விட்டுத் தெற்கே வந்தால் புக்கிட் பெராப்பிட் குகை. மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். பழைய பாதை சின்னச் சின்னக் குகைகளுக்குள் புகுந்து மலைக்கணவாயில் வளைந்து வளைந்து போகும். இரட்டைப் பாதை போட்டபோது மலையை நேராகக் குடைந்துவிட்டார்கள். வேகம் கிடைத்தது, காட்சி போய்விட்டது. எனக்கு அதில் இன்றுவரை வருத்தம் உண்டு. ஆனால் குகையைவிட்டு வெளியே வந்த பிறகு, சுங்கை சிப்புட் தொடங்கி ஈப்போ வரை சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்கும். வெட்டிய பக்கம் வெள்ளையும் ஆரஞ்சுமாக, உச்சியில் காடு. மாலை வெயில் அதன்மேல் விழும் நேரத்தில் போனால் நல்லது.

மூட்டுவலிக்காரர்களுக்கு ஒன்று. இரட்டைப் பாதைக்காகக் கட்டிய புதிய நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது. பெட்டி மட்டும் சின்னதாக இருக்கட்டும்.

மலைரயில்_பிரியன் · வியாழன் இரவு 11:10

ஊட்டி ரயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே. சன்னல் காட்சி என்றால் அதற்கு ஈடு கிடையாது. மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், முடிவில் 2,200 மீட்டர். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் பதித்திருப்பார்கள். இன்ஜினின் பற்சக்கரம் அதில் பல்லுக்குப் பல் கடித்து ஏறும். இந்தியாவில் இப்படிப்பட்ட பாதை வேறு எங்கும் இல்லை. 1908-ல் ஊட்டி வரை முடிந்தது, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இன்ஜின் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு போவதால் முதல் பெட்டியில் இடம் கிடைத்தால் முன்னால் மறைப்பே இருக்காது.

இங்கிருந்து கோயம்புத்தூருக்கு நேரடி விமானமும் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்.

பழைய_தண்டவாளம் · வியாழன் இரவு 11:24

நானும் அந்த ரயிலுக்கு ரசிகன்தான். ஆனால் மலரின் கணக்குக்கு ஒத்துவராது. காலை ஏழு மணி வாக்கில் மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏற முந்தைய இரவே அங்கே போய்ச் சேரவேண்டும். இருக்கை கிடைப்பது அரிது. மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் சேவையை நிறுத்திவிடுவார்கள். அப்போது முழுப் பயணமும் அந்த ஒரு ரயிலை நம்பியே நிற்கும். அப்புறம் தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம் என்று வரலாறு தேடினால் இன்னொரு நீண்ட பயணம். ஒரு வாரம் விடுப்பு கிடைக்கும்போது நிதானமாகப் போங்கள்.

கேலாங்_குமரன் · வெள்ளி காலை 7:05

அக்கா, உங்கள் தம்பி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை யாராவது சொல்லவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

என் தாத்தாவின் அண்ணன் ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். சயாமில் வேலை என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. எந்த முகாமில், எந்த மாதத்தில் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கள் பாட்டி சாகும்வரை அவருக்குத் திதி கொடுக்க நாள் தெரியாமல் ஆடி அமாவாசையில் கொடுத்துவந்தார்.

அந்தச் சயாம் மரண ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகளில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தை நெருங்குவார்கள், அவர்களில் ஏறக்குறைய 90,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பெருந்தொகை. காஞ்சனபுரியில் போர்வீரர் கல்லறைத் தோட்டத்துக்குள் போனால் கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லறைகள். புல்லை வெட்டி, ஒவ்வொரு கல்லிலும் பெயர் பொறித்து, நடுவில் பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. காலராவில் செத்தவர்களைக் குவியலாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் மலேசியத் தமிழர்கள் முயற்சியெடுத்து, வாட் தாவோர்ன் வராராம் என்ற கோயில் வளாகத்தில் ஒரு நடுகல் நட்டிருக்கிறார்கள். போகிறவர்கள் பாலத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல் அந்த நடுகல்லுக்கும் போய்வாருங்கள் என்று இரண்டு கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

ரயிலைக் கேட்டால், பாங்காக்கில் ஆற்றுக்கு மேற்கே தோன்புரி நிலையத்திலிருந்து நாளுக்கு இரண்டு ரயில் நாம் தோக் வரை போகிறது. மூன்றாம் வகுப்பு மட்டும்தான். மர இருக்கை, திறந்த சன்னல், கூரையில் விசிறி. போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். வாங் போ என்ற இடத்தில் பாறையை ஒட்டி மரத்தூண்கள்மேல் பாதை போட்டிருக்கிறார்கள். ரயில் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகும், கீழே ஆறு. அழகான இடம்தான். ஆனால் அந்தத் தூண் ஒவ்வொன்றையும் தோளில் தூக்கி வந்தவர்கள் யார் என்று தெரிந்த பிறகு அந்த அழகை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சிராங்கூன்_மலர் · வெள்ளி காலை 8:20

குமரன், இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தரப்பிலும் ஒரு பெரியப்பா அப்படிப் போனவராம். இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இதைப் பார்த்த பிறகு காஞ்சனபுரியை ஒரு சுற்றுலாவில் ஓர் ஓரமாகச் செருக எனக்கு மனம் வரவில்லை. செப்டம்பரில் அங்கே நல்ல மழையும் இருக்கும். டிசம்பரில் தம்பி குடும்பத்தோடு அதற்காகவே போகலாம் என்று பேசியிருக்கிறோம்.

கேலாங்_குமரன் · வெள்ளி காலை 8:31

அதுதான் சரி அக்கா. டிசம்பரில் வெயிலும் கொஞ்சம் குறைவு. அந்தப் பாதைக்காகப் பாறையை வெட்டிய ஹெல்ஃபயர் கணவாய்க்கும் ஒரு நாள் வையுங்கள். நாம் தோக்கிலிருந்து பக்கம்தான், ஆனால் கீழே இறங்க நிறையப் படி. அம்மா மேலே அருங்காட்சியகத்தில் இருக்கலாம்.

தோபாயோ_அக்கா · வெள்ளி மதியம் 12:50

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பூஜாங் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு பினாங்கிலேயே ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். பூஜாங்கில் பார்க்க இருப்பது பெரும்பாலும் அடித்தளம் மட்டும்தான். கோபுரம் இல்லை, சிலை இல்லை. வயதான அம்மாவை வெயிலில் கூட்டிக்கொண்டு போய்க் கல் அடுக்கைக் காட்டினால் என்ன சொல்வார்? குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலும், சுற்றிலும் இருக்கும் பழைய கடைவீடுகளும் அவருக்கு நிறைவாக இருக்கும். நடையும் குறைவு, நினைத்த இடத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.

கடாரத்தான் · வெள்ளி மதியம் 1:30

அக்கா, மரியாதையோடு மறுக்கிறேன். கோபுரம் இல்லாதது ஏன் என்று தெரிந்தால் அந்த இடம் பேசத் தொடங்கும்.

பூஜாங்கிலுள்ள புக்கிட் பத்து பஹாட் கோயில் குனோங் ஜெராய் மலை அடிவாரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே ஓடை. கருவறையும் அதற்கு முன்னால் மண்டபமும் என்று நம் ஊர்க் கோயிலின் அமைப்பு தரையில் அப்படியே தெரியும். மண்டபத்துத் தளத்தில் வரிசையாகக் கல் பதித்திருப்பார்கள். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லின் நடுவிலும் ஒரு குழி. மரத்தூணின் அடியைச் செருகுவதற்கான குழி அது. தூணும் கூரையும் மரம், அதனால் மழையில் மக்கிப்போயின. கல் மட்டும் நின்றுவிட்டது. உங்கள் மகனை அந்தக் குழிகளை எண்ணச் சொல்லுங்கள். கூரை எவ்வளவு பெரியது என்று அவனே மனதில் கட்டிப் பார்ப்பான்.

1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, தாக்கியதை நாமெல்லாம் படித்திருக்கிறோம். ஆனால் படையெடுப்போடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு முன்பே இரு கரைக்கும் நல்ல உறவு இருந்தது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்பினான், ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். வணிகம், வழிபாடு, சண்டை எல்லாம் கலந்த உறவு. அதன் இந்தக் கரைத் தடயம்தான் பூஜாங். அருகே சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

2013-ல் அங்கே ஒரு பழைய கோயில் அடித்தளத்தைக் கட்டுமானத்துக்காக இடித்தே விட்டார்கள். இருப்பதை இருக்கும்போதே போய்ப் பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

நடைமுறைக்கு வருகிறேன். சுங்கைப்பட்டாணி நிலையத்தில் இறங்கினால் மெர்போக்கிலுள்ள அருங்காட்சியகம் காரில் அரை மணி நேரம் வாக்கில். போவதற்கு கிராப் வாடகைக்கார் கிடைக்கும், திரும்புவதற்குக் கிடைப்பது சிரமம். அதனால் வண்டியைக் காத்திருக்கச் சொல்லிப் போக வரப் பேசிவிடுங்கள். புறப்படும் முன் அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று போன் செய்து கேட்பது நல்லது. உள்ளே மேடு உண்டு. மேல்மேட்டுக்குப் போக அம்மாவால் முடியாவிட்டால் கீழே காட்சிக்கூடத்தில் சிலைகளும் பானைகளும் மணிகளும் இருக்கின்றன. காலை பத்து மணிக்குள் போய்ச் சேருங்கள். அந்தப் பருவத்தில் மதியத்துக்குமேல் மழையை எதிர்பார்க்கலாம்.

தோபாயோ_அக்கா · வெள்ளி மதியம் 2:05

சரி தம்பி, தூண்குழி விஷயம் எனக்குத் தெரியாது. அப்படி விளக்கிச் சொல்ல ஆள் இருந்தால் போகலாம். ஆனாலும் மலர், அம்மா களைத்துப்போனால் அவரைப் பினாங்கில் விட்டுவிட்டு நீங்கள் மூவர் போய்வர இடம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும் என்று ஒன்றும் இல்லை.

ஈப்போ_மருமகள் · வெள்ளி மாலை 6:15

மகிழ்ச்சி, என் புகுந்த ஊரைத் திட்டத்தில் வைத்திருக்கிறீர்கள். ஈப்போவில் நீங்கள் இறங்கும் நிலையமே ஒரு வரலாற்று இடம். 1917-ல் கட்டி முடித்தது, ஹப்பக் என்ற கட்டடக்கலைஞரின் வேலை. கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையமும் அவருடையதே. வெள்ளைக் குவிமாடமும் நீண்ட வளைவுத் தாழ்வாரமும். ரயிலைவிட்டு இறங்கியதும் டாக்சிக்கு ஓடாமல் எதிரே உள்ள பூங்காவில் நின்று திரும்பிப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது கெல்லி கோட்டையைப் பற்றி. பத்து காஜா பக்கம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து தோட்டக்காரர் 1915 வாக்கில் மாளிகை கட்டத் தொடங்கினார். மதராசிலிருந்து எழுபது கைவினைஞர்களை வரவழைத்தார். இடையில் விஷக்காய்ச்சல் பரவி வேலையாட்கள் பலர் இறந்தார்கள். உயிரோடு இருந்தவர்கள் அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்க, அவர் மாளிகை வேலையை நிறுத்தி முதலில் கோயிலைக் கட்டிக்கொடுத்தார். 1926-ல் லிஸ்பனில் அவர் இறந்துபோக, மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது.

எல்லோரும் மாளிகையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கொஞ்ச தூரத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப்போங்கள். கூரைமேல் சுதைச் சிற்பங்களுக்கு நடுவே வெள்ளை உடையும் தொப்பியுமாக ஓர் உருவம் நிற்கும். அதுதான் கெல்லி. தங்களுக்குக் கோயில் கட்டித்தந்தவரைத் தெய்வங்களுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள் நம் ஆட்கள். மாளிகைக்குள் மாடிப்படி அதிகம். மின்தூக்கிக்குக் குழி விட்டிருக்கிறார்கள், மின்தூக்கி வரவே இல்லை. அம்மா தரைத்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று, கோலகங்சார். ஊபுடியா பள்ளிவாசலின் தங்கக் குவிமாடம், அப்புறம் நாட்டின் முதல் ரப்பர் மரங்களில் மிஞ்சிய ஒன்று. 1877-ல் சிங்கப்பூர்ப் பூமலை (தாவரவியல் பூங்கா) வழியாக வந்த கன்றுகளில் ஒன்பதை அங்கே நட்டார்களாம். அங்கேயும் ஒரு நாள் இறங்குங்களேன்.

பழைய_தண்டவாளம் · வெள்ளி இரவு 7:00

கோலகங்சார் நல்ல ஊர், மறுப்பில்லை. ஆனால் பெட்டியோடு நடுவழியில் இறங்கி ஏறினால் அரை நாள் போய்விடும். அன்று தைப்பிங்கில் கழிக்கும் காலையைத்தான் அதற்குக் கொடுக்கவேண்டி வரும். நான் தைப்பிங்கைத்தான் வைத்துக்கொள்வேன்.

காரணம் சொல்கிறேன். மலாயாவின் முதல் ரயில் ஓடியது அங்கேதான். 1885 ஜூன் 1 அன்று, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் என்ற துறைமுகத்துக்கு. எட்டு மைல், ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக. பாதை போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படையை வரவழைத்தார்கள். பிறகு நிலைய அதிபர், எழுத்தர் என்று யாழ்ப்பாணத்தார் வரிசையாக வந்தார்கள். தண்டவாளம் இப்போது இல்லை. ஊரின் பெயரும் கோல செபெத்தாங் என்று மாறிவிட்டது. பழைய டிக்கெட் அறையும் நிலையப் பெயர்ப்பலகையும் கடைகளுக்கு நடுவே இன்னும் நிற்கின்றன. பலகையில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்திலும் ஊர்ப்பெயர் இருக்கிறது. முதல் ரயில்பாதையில் யார் யார் ஏறி இறங்கினார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அதே சாலையில் மாத்தாங் சதுப்புநிலக் காடும் கரிச்சூளைகளும். செங்கல்லால் கட்டிய உருண்டைச் சூளைகள். உள்ளே காட்டுமரக் கட்டைகளை நிறுத்திவைத்து வாரக்கணக்கில் புகையவிடுவார்கள். வாடையை வைத்தே உள்ளே எந்த அளவுக்கு வெந்திருக்கிறது என்று அங்கே வேலைசெய்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தைப்பிங் ஊருக்குள் ஏரிப்பூங்கா ஒன்று போதும் அம்மாவுக்கு. ஈயச்சுரங்கக் குழிகள்தான் இப்போது ஏரி. சாலைக்கு மேலே கிளை பரப்பித் தண்ணீரைத் தொடுகிற பழைய தூங்குமூஞ்சி மரங்கள். அருகே 1883-ல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம், நாட்டிலேயே பழையது. போர்வீரர் கல்லறைத் தோட்டமும் பக்கம். இந்தியப் படைவீரர்கள் பலர் அங்கே உறங்குகிறார்கள். மகன் கேட்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு அங்கேயே பதில் தொடங்கும். தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர், குடை கட்டாயம்.

ஈசூன்வாசி · வெள்ளி இரவு 8:12

மகனுக்கு ஒரு முன்னோட்டம் வேண்டுமானால் கிளம்புவதற்கு முந்தைய வாரம் புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். இரும்புப் பாலத்தில் நடக்கலாம். 2011 ஜூன் 30 வரை நம் தீவுக்குள் ரயில் வந்துகொண்டிருந்த பாதை அது. ஈப்போ நிலையமும் தஞ்சோங் பகார் நிலையமும் ஒரே ரயில்வேயின் சொத்தாக இருந்தவை என்று தெரிந்துகொண்டு போனால் பயணத்துக்குத் தலையும் வாலும் கிடைக்கும்.

சிராங்கூன்_மலர் · வெள்ளி இரவு 10:05

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசி இப்படி மாற்றியிருக்கிறோம்.

வெள்ளி இரவு விமானத்தில் பினாங்கு. சனி முழுக்க ஜார்ஜ் டவுனில் மெதுவாக. ஞாயிறு காலை படகில் பட்டர்வொர்த், ரயிலில் சுங்கைப்பட்டாணி, பூஜாங். அம்மா வருகிறேன் என்று அவராகவே சொல்லிவிட்டார், தூண்குழியைப் பார்க்கவேண்டுமாம். மாலையில் தைப்பிங். திங்கள் காலை கோல செபெத்தாங், பிற்பகல் ஏரிப்பூங்கா, மாலை வெயிலுக்கு ஈப்போ ரயில். செவ்வாய் கெல்லி கோட்டையும் மாரியம்மன் கோயிலும், மாலை விமானம். கோலாலம்பூர், பத்துமலை, மலாக்கா மூன்றையும் விட்டாயிற்று.

இரண்டு கேள்வி. ஞாயிறு மாலை சுங்கைப்பட்டாணியிலிருந்து தைப்பிங்குக்கு ஈடிஎஸ் நல்லதா, கொமுட்டரா? அப்புறம், கணவர் ஜோகூர் பாருவிலிருந்தே ரயிலில் போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆசையை விடவில்லை. இப்போது மின்ரயில் அங்கே வரை வந்துவிட்டதாமே?

பழைய_தண்டவாளம் · வெள்ளி இரவு 10:40

ஆமாம், 2025 இறுதியில் ஈடிஎஸ் ஜோகூர் பாரு வரை வந்துவிட்டது. கிமாஸில் ரயில் மாறும் தொல்லை இல்லை. கோலாலம்பூருக்கு நாலரை மணி நேரம் வாக்கில். அவருடைய ஆசையை வேறொரு வார இறுதியில் கோலாலம்பூர் போய்வந்து தீர்த்துக்கொள்ளலாம். உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாருவுக்கு ஷட்டில் ரயில் ஐந்தே நிமிடம். போகும்போது இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். வார இறுதி டிக்கெட் வெகு சீக்கிரம் தீரும், முன்பதிவு தேவை. உட்லண்ட்ஸையும் ஜோகூர் பாருவையும் இணைக்கும் புதிய ஆர்டிஎஸ் ரயில் பாலத்தில் ஓடத் தொடங்கிய பிறகு இந்த ஷட்டில் நின்றுவிடும். அதில் ஒருமுறை போகவேண்டும் என்றிருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

ஞாயிறு மாலைக்கு, வெளிச்சம் இருக்கும்போதே ஏரியைத் தாண்டுகிற ரயில் எதுவோ அது. அன்றைய நேர அட்டவணையைப் பார்த்து முடிவெடுங்கள். இருட்டிய பிறகு போவதானால் ஈடிஎஸ்ஸில் அம்மா வசதியாக உட்கார்ந்து தூங்கலாம். வெளிச்சத்தில் போக முடிந்தால் கொமுட்டர். அதற்கு சுங்கைப்பட்டாணியிலிருந்து வரும்போது புக்கிட் மெர்தாஜாமில் இறங்கி, ஈப்போ பக்கம் போகும் கொமுட்டருக்கு மாறவேண்டும். இருக்கை எண் கிடையாது, அதனால் மகனை முதலில் ஏற்றி அம்மாவுக்குச் சன்னலோரம் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஈப்போ_மருமகள் · வெள்ளி இரவு 10:52

செவ்வாய்க்கு ஒரு சின்னத் திருத்தம். பெட்டியை ஈப்போ விடுதியிலேயே விட்டுவிட்டு, கோட்டைக்கும் கோயிலுக்கும் சேர்த்து ஈப்போவிலிருந்தே அரை நாள் வாடகைக்கு வண்டி பேசுங்கள். பத்து காஜா வரை ரயிலில் போனாலும் அங்கிருந்து வண்டி தேடவேண்டியிருக்கும். கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள். அதனால் முதலில் கோயில், பிறகு கோட்டை.